ஐம்பத்து நான்கு மைல் வானம்

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி எட்டு நிமிடம். காற்று அசையவில்லை. மலாயாவின் சிலிம் ரிவர் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், மரங்களை வெட்டிச் சமப்படுத்திய நானூறு கெஜ நீளத் திடலின் நடுவில் நின்றிருந்தேன். மூடுபனி. இடப்பக்கம் பதினொரு மரங்கள் தெரிந்தன, வலப்பக்கம் ஒன்பது. அவற்றுக்கு அப்பால் எதுவும் இல்லை. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். சிவந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, சத்தமில்லாமல் தரையில் அமர்ந்துகொண்டிருந்தன. அப்போது மேலே, எங்கோ, தையல் இயந்திரம் ஓடுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் 7.41க்கு வர வேண்டியது. நான் போட்ட கணக்கு அது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இந்த 1982 ஜனவரியில் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். ஓய்வூதியர்கள் கூடித் தேநீர் குடிக்கும் இடத்தில் நான் அதைப் பற்றிக் கொஞ்சம் கவலையாகப் பேசினேன். நில அளவைத் தொழிலில் இப்போது இருக்கும் ஒருவர், "அரை மணிதானே அங்கிள், என்ன ஆயிரப் போவுது லா," என்று சிரித்தார். அதற்குப் பிறகு பதினேழு நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் வரலாம்.

நான் இருபது வயதில் ஈப்போவில் ஒரு தனியார் நில அளவையாளரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காட்டில் அளவைச் சங்கிலி இழுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் கடித்தன. அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். மடக்கை வாய்பாடு மனப்பாடமானது. பிறகு மேசைக்கு வந்தேன். வெளியே அளந்து வருபவர்களின் குறிப்பேடுகளிலிருந்து தூரமும் கோணமும் கணக்கிடுவது என் வேலை. சம்பளம் மாதம் அறுபத்தைந்து வெள்ளி.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் வைத்திலிங்கம். என் தகப்பனாரைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஈப்போ வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்க்க மாட்டார். கணக்கு சரியாக இருந்தால் பேசாமல் கையெழுத்திடுவார். பிழையாக இருந்தாலும் பேச மாட்டார். சிவப்புப் பென்சிலின் கூரை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிழைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி வைத்துத் தாளைத் திருப்பி நீட்டுவார். என்ன பிழை என்று கேட்கக் கூடாது. ஒரே ஒருமுறை கேட்டேன். "உமக்குக் கண் இருக்கெல்லோ?" என்றார்.

ஆயர் தாவார் பக்கத்துச் சதுப்பு நிலம் ஒன்றின் கணக்கில் அவர் வைத்த புள்ளிக்குக் காரணம் தேடி இரண்டு நாள் சாப்பாடு மறந்தேன். களத்தில் எண்ணியவர்கள் ஒரு சங்கிலி நீளத்தை எண்ணாமல் விட்டிருந்தார்கள். முப்பத்தேழு என்று எழுதியிருந்தது உண்மையில் முப்பத்தெட்டு. கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்னொரு சதுப்பில் இறங்கியிருப்பேன்.

1928 கடைசியில் அந்த வேலை வந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு தோட்டங்கள். ஒன்று சித்தியவானுக்கு அருகே, கடற்கரைப் பக்கம். மற்றது சிலிம் ரிவரில். இரண்டையும் நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றதற்குப் போக அவருக்குக் கார், ஆற்றுப் படகு, மறுபடி கார், ரயில் என்று ஒரு பகல் முழுவதும் செலவானது. அவர் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைப் பெட்டிகளில் பாகங்களாக வரவழைத்து, இணைத்துப் பூட்டினார். இரண்டு தோட்டங்களிலும் திடல் அமைத்தார். பிறகு எங்களிடம் கேட்டார்: திடலுக்குத் திடல் நேர்கோட்டில் எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு நேரம்?

எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நாங்கள் அளந்தவை எல்லாம் யாராவது நடக்கிற கோடுகள்: வேலி, சாலை, வாய்க்கால். இந்தக் கோட்டில் யாரும் கால் வைக்க முடியாது. நான் இரண்டு திடல்களுக்கும் போனேன். குன்றுகளின் உச்சியில் நட்டிருந்த அளவைக் கம்பங்களைத் தியோடலைட் கருவியில் பார்த்து, ஒவ்வொரு கோணத்தையும் ஆறு முறை எடுத்து, திடல்கள் எங்கே இருக்கின்றன என்று நிறுவினேன். சிலிம் ரிவர் திடல் மற்றதற்குத் தெற்கே இருபத்தைந்தரை மைல், கிழக்கே நாற்பத்தெட்டு மைல். ஆகவே நேர்கோடு ஐம்பத்து நான்கு மைல், மூன்று ஃபர்லாங்குக்குச் சற்றுக் குறைவு. விமானத்தின் வேகம் மணிக்கு எண்பது மைல். நாற்பது நிமிடம் நாற்பத்தாறு நொடி. நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

படத்தில் அந்தக் கோட்டை இழுத்தபோது அது தாண்டிய ஆறுகளை எண்ணினேன். பெரியது ஒன்று, சிறியவை பதினான்கு. அந்த மாதங்களில் வாடகை அறைக்குத் திரும்பியதும் கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, அந்தக் கோட்டில் போய்வருவேன். கடல் பின்னால் போகும். சதுப்பின் மேல் கொக்குகள் சிதறும். பதினெட்டாவது நிமிடத்தில் பேராறு கீழே படுத்திருக்கும். பிறகு காடு, காடு, காடு. கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் முப்பத்தொன்பது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு நிமிடம் வேகமாகக் கனவு கண்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தியவான் தோட்டத்தில் மூன்று நாள் தங்கினேன். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், தம் வீட்டில் இடம் கொடுத்தார். காலை ஆறு மணிக்குக் கோப்பி வரும் என்றார். ரயில் நிலையக் கடிகாரத்தோடு ஒத்துவைத்த என் கைக்கடிகாரத்தில் ஐந்தரைக்கே வந்துவிட்டது. மூன்று நாளும் அப்படித்தான். 'அவசரக்காரர்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்தை மேலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று துரை சொன்னார். நானூறு கெஜத் திடலைக் கண்டுபிடிக்கப் புகை வேண்டும். ஆகவே வருகைக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் முன்பு திடலின் முனையில் ஈரத் தழையும் லாலான் புல்லும் போட்டுக் கொளுத்துவது என்று முடிவாயிற்று. சிலிம் ரிவரில் மூடுபனி அதிகம். பதினொரு காலைகள் அங்கே நின்று பார்த்தேன். ஒன்பது காலைகளில் ஏழரைக்குள் விலகியது. அதற்கு ஏற்ப, ஏழு மணிக்குப் புறப்படலாம் என்று எழுதினேன். துரையும் ஒப்புக்கொண்டார். திடல் சிறியது, பாரம் குறைய வேண்டும். தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும் பெட்ரோல் எடுத்துக்கொள்வதாகவும், கூடவே வீரையாவை அழைத்து வருவதாகவும் கடிதம் வந்தது.

வீரையா சிலிம் ரிவர் தோட்டத்து இயந்திரப் பிட்டர். விமானத்தைப் பூட்டுவதற்காக நான்கு மாதம் சித்தியவானுக்கு அனுப்பப்பட்டவர். அவர் மனைவி அஞ்சலை சிலிம் ரிவரிலேயே, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தாள்.

நேர அட்டவணையை எழுதி வைத்திலிங்கத்திடம் கொடுத்தேன். புறப்பாடு 7.00. புகை 7.20. வருகை 7.41. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு 7.00 என்பதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து நீட்டினார்.

கணக்கைப் பத்துமுறை போட்டேன். மடக்கையில் போட்டேன், பெருக்கிப் போட்டேன், பின்னாலிருந்து போட்டேன். பிழை இல்லை. ஏழு மணியில் என்ன பிழை இருக்க முடியும்? அது நான் கணக்கிட்ட எண்ணே அல்ல. கேட்டிருக்கலாம். கண் இருக்கிறதா என்பார். சனிக்கிழமை நான்கு மணிக்கு, பென்சில் தவறிப் பட்டிருக்கும் என்று முடிவு செய்து, ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்தேன்.

இனி அந்தக் காலை. திடலில் சிலிம் ரிவர் தோட்டத்துக் கிராணி நாராயணன், தழைக் குவியலுக்குப் பக்கத்தில் ஆறு தொழிலாளர்கள், சற்றுத் தள்ளி அஞ்சலை. அவள் தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

"வந்துருச்சுங்க ஐயா," என்றாள்.

"அது வர இன்னும் முப்பத்து மூணு நிமிஷம் இருக்கு."

"காதுல விழுதேங்க."

"வேற விமானமா இருக்கும்."

"இந்த நாட்டுல எத்தனங்க இருக்கு, வேற ஒண்ணு வர்றதுக்கு?"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். ஏழு மணிக்குப் புறப்பட்டு இந்நேரம் வந்திருந்தால் வேகம் மணிக்கு நானூறு மைல். உலகத்தில் அப்படி ஒரு விமானம் இல்லை. பின்னால் ஒருவன், "ஐயா கணக்கு முடிக்கிற வரைக்கும் அந்தரத்துலயே நிக்கச் சொல்லுங்கண்ணே," என்றான். சிலர் சிரித்தார்கள். சத்தம் எங்கள் தலைக்கு மேல் நேராக வந்தது, வட்டமிட்டது. இந்த நாட்டில் இந்தத் திடலைத் தேடி வட்டமிட வேறு யாரும் இல்லை. கொளுத்தச் சொன்னபோது 7.12. நான்கு நிமிடத்தைக் கணக்குப் போட்டே தொலைத்திருந்தேன்.

தழை பனியில் ஊறிக் கிடந்தது. மெதுவாகத்தான் பிடித்தது. நான் இன்னொரு கணக்கைப் போட்டேன், இது வேண்டாத கணக்கு. நாற்பத்தொரு நிமிடம் பறந்து இப்போதுதான் வந்திருக்கிறார் என்றால், பெட்ரோல் எட்டு மணியோடு தீரும். சித்தியவானுக்குத் திரும்ப நாற்பத்தொரு நிமிடம் வேண்டும். ஆகவே 7.19 வரைதான் திரும்பிப் போகலாம். அதற்குப் பிறகு இறங்கியே ஆக வேண்டும், எங்கே என்றாலும்.

7.19 கடந்தபோது சத்தம் இன்னும் மேலேதான் இருந்தது.

புகை கிளம்பியது. நல்ல புகை, கெட்டியான வெள்ளைப் புகை. மரத்தின் உயரம்வரை போய்ப் பனியோடு பனியாகக் கலந்தது. எது புகை, எது பனி என்று தரையில் நின்ற எங்களுக்கே தெரியவில்லை. சத்தம் வடக்கே போயிற்று. தேய்ந்து, ஒரு வண்டின் சத்தமாகி, நின்றது. இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. அந்த அமைதியில் நான் கனவில் போய்வந்த கோடு முழுவதும் என் கண்முன் வந்தது. அதில் எங்குமே இறங்க இடம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். "வெள்ளப் புகை மேல தெரியாதுங்க ஐயா. ஷீட்டக் கொளுத்துங்க. போன வருசம் புகைக்கூடத்துல தீப்புடிச்சப்ப ரயில்ல போனவன்லாம் பாத்தான். கருகருன்னு போச்சு."

"ஷீட்டையா?" என்றார் கிராணி. "அது காஞ்சு மூட்டை கட்ட வெச்ச சரக்கு. தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"தொரை மேல இருக்காருங்க," என்றாள் அஞ்சலை. "எறங்கினாத்தான பதில் கேப்பாரு."

கிராணி என்னைப் பார்த்தார். "சீட்டு எழுதிக் குடுங்க தம்பி. உங்க பேருல. சாவி தர்றேன்."

குறிப்பேட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: எடுக்கும் ஷீட்டுகளுக்கு நானே பொறுப்பு. எண்ணிக்கைக்கு இடம் விட்டுக் கையெழுத்திட்டேன். புகைக்கூடம் இருநூறு கெஜத்தில் இருந்தது. அஞ்சலையும் ஆறு பேரும் ஓடினார்கள். தேன் நிறத்தில் உலர்ந்த ஷீட்டுகளைத் தலையிலும் தோளிலும் போட்டுத் திரும்பினார்கள். ஒரு டின் மண்ணெண்ணெயும் வந்தது. 7.36க்கு முதல் ஷீட் தீப்பிடித்தது.

நான் எண்ணினேன். அதைத் தவிர எனக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. இருபது. முப்பது. கறுப்புப் புகை கயிறுபோல எழுந்து, பனிக்குள் கரையாமல், அதைக் கிழித்துக்கொண்டு மேலே போயிற்று. ஐம்பது. கண் எரிந்தது. எங்கள் எல்லார் முகமும் ஒரே நிறமானது. அறுபத்தொன்றாவது ஷீட்டில் வடக்கே வண்டு மறுபடி இரைந்தது. "போடு, போடு," என்று அஞ்சலை மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வளர்ந்தது, தலைக்கு மேல் ஒருமுறை சுற்றியது, குறைந்தது. நூற்றெட்டாவது ஷீட் விழுந்தபோது பனியின் அடியிலிருந்து சக்கரங்கள் மட்டும் முதலில் தெரிந்தன. பிறகு முழு விமானமும், மிக மெதுவாக வருவதைப் போல, இலைகளின் மேல் வந்து இறங்கி ஓடியது.

என் கடிகாரத்தில் 7.52.

வீரையாதான் முதலில் குதித்தார். "என்னங்கடா, ஸ்டோரையே கொளுத்திட்டிங்களா?"

"ஒன்னக் காணோமேன்னு கொளுத்துனோம்," என்றாள் அஞ்சலை. அவள் பூவில் கரி படிந்திருந்தது.

"மேலேருந்து பாத்தா ஒண்ணுமே இல்ல புள்ள. எல்லாம் வெள்ள. அங்கங்க மரத்துத் தலை செவப்பா மொதக்குது. திடீர்னு பாத்தா, பால் தொட்டியில ஒரு மயிரு விழுந்தாப்புல, கருப்பா ஒரு கோடு."

அவள் சிரிக்கத் தொடங்கி, திடலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

துரை கோபப்படவில்லை. ஏன் புகை இல்லை என்று மட்டும் கேட்டார். நீங்கள் அரை மணி முன்னதாக வந்துவிட்டீர்கள் என்றேன். சரியாக ஏழு மணிக்குத்தான் புறப்பட்டேன் என்று தம் மணிக்கட்டை என் மணிக்கட்டின் பக்கத்தில் வைத்தார். என்னுடையது 7.55. அவருடையது 8.25.

சித்தியவான் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும், வெயில் ஏறுமுன் மரங்களில் பால் வெட்டுவதும் முடியவேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தை நிரந்தரமாக அரை மணி முன்னால் வைத்திருந்தார்கள். அங்கே யாரும் அதைத் தோட்டத்து நேரம் என்று சொல்வதில்லை. மணி அடித்தால் அதுதான் மணி. சிலிம் ரிவர் தோட்டம் ரயில் பாதை ஓரம். சரக்கு ரயிலில் போவதால் ரயிலின் நேரமே அங்கே நேரம். ஐம்பத்து நான்கு மைலையும் ஃபர்லாங்குவரை அளந்த நான், யாருடைய ஏழு மணி என்று கேட்கவில்லை. மூன்று நாள் அந்த அரை மணியைக் கோப்பியாகக் குடித்திருந்தும்.

துரை என் கையைக் குலுக்கினார். உயிர் என்னுடையது, அதற்கு நன்றி என்றார். ரப்பர் லண்டனில் இருக்கும் பங்குதாரர்களுடையது என்றும் சொன்னார். ஒன்பதாம் நாள் அலுவலகத்துக்குச் சீட்டு வந்தது. ஷீட் நூற்றெட்டு, எடை இருநூற்று நாற்பத்து மூன்று ராத்தல், ராத்தலுக்கு நாற்பது காசு. மண்ணெண்ணெய் ஒரு டின், இரண்டு வெள்ளி பத்துக் காசு. மொத்தம் தொண்ணூற்றொன்பது வெள்ளி முப்பது காசு, என் பெயரில்.

வைத்திலிங்கம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"புள்ளியைக் கண்டனீரோ?"

"கண்டனான் ஐயா."

"பிறகேன் அழிச்சனீர்?"

"கணக்கைப் பத்துத்தரம் பாத்தனான். பிழை இல்லை."

"கணக்கிலை பிழை எண்டு ஆர் சொன்னது? மணிக்குப் பக்கத்திலை எல்லோ வைச்சனான். தோட்டத்து மணியோ ரயில் மணியோ எண்டு நீர் கேக்கேல்லை."

நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நானும் அதுவரை பேசாத ஒன்றைப் பேசினேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுதானே ஐயா. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மேலே ரெண்டு பேர் இருந்தவை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய் வேலையைப் பாரும்," என்றார்.

வேலை போய்விடும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். போகவில்லை. ஆனால் மறுநாள் திரும்பி வந்த தாளில், புள்ளிக்குப் பக்கத்தில், நுணுக்கமான எழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: 'கோணம் பாரும்.' அதன்பின் நான் அங்கிருந்த பதினொரு ஆண்டுகளிலும் அவர் சொற்கள் இல்லாமல் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் கிழவருக்கு வயதாகிவிட்டது என்று கேலி பேசினார்கள். நான் காரணம் சொல்லவில்லை.

மாதம் பத்து வெள்ளி பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. முதல் சம்பள நாளன்று எல்லோரும் போன பிறகு வைத்திலிங்கம் என் மேசைக்கு வந்து ஓர் உறையை வைத்தார்.

"சித்தியவானிலை நாலு வருஷம் இருந்தனான். அந்த மணி எனக்கு நல்லாத் தெரியும். நான் வாயைத் திறந்திருக்க வேணும்."

"வேண்டாம் ஐயா. சீட்டு என்ரை பேரிலை."

"எண்ணிப் பாரும்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எண்ணினேன். காசுவரை சரியாகப் பாதி இருந்தது. ஆகவே அந்தக் காலை எனக்கு ஆன செலவு நாற்பத்தொன்பது வெள்ளி அறுபத்தைந்து காசு.